இரும்பு எறா

பேராசிரியர் பகலவன் மேடையேறினால் முதல் வேலையாக ஒரு சின்னக் கண்ணாடிக் குப்பியைத் தூக்கிக் காட்டுவார். உள்ளே ஒரு கிராம் கருப்புப் பொடி இருக்கும். "இதற்குள் ஒரு கால்பந்து மைதானம் இருக்கிறது" என்பார். பொடியின் ஒவ்வொரு துகளிலும் கண்ணுக்குத் தெரியாத துளைகள், அந்தத் துளைகளின் சுவர்களில் இன்னும் சின்னத் துளைகள். அத்தனையையும் பிரித்து விரித்துப் போட்டால் அவ்வளவு பரப்பு வரும், தண்ணீரில் இருக்கும் நஞ்செல்லாம் அங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்பது அதற்கு அர்த்தம். ஒழுங்காக அளந்தால் வருவது கால் மைதானம்தான். கால் மைதானத்துக்கு யாரும் கை தட்டமாட்டார்கள் என்பதால் மீதி முக்காலை அவரே சேர்த்துக்கொள்வார்.

திட்டத்துக்கு 'நீலாமிர்தம்' என்று பெயர் வைத்தவரும் அவர்தான். பொடி கருப்பு. அது சுத்தம் செய்ய வேண்டிய எண்ணூர் ஆற்றுத் தண்ணீர் சாம்பல் நிறம். நீலம் பேனரில் மட்டும் இருந்தது. செலவை அந்தப் பக்கத்துக் கம்பெனி ஒன்று ஏற்றிருந்தது. அந்தக் கம்பெனியின் குழாய் ஒன்று ஆற்றுக்குள் இறங்குகிறது என்று குப்பத்துக்காரர்கள் பல காலமாகச் சொல்லிவந்தார்கள். கம்பெனி அதை மறுத்து வாதாடவில்லை. குழாய் கண்ணில் படுகிற இடத்தில் நீலாமிர்தம் விளம்பரத் தட்டி ஒன்றை நிறுத்திவிட்டது.

பொடியை உண்மையில் சமைத்தவர்கள் இரண்டு பெண்கள். ஒருத்தி தண்டையார்பேட்டை ஃபிர்தௌஸ். இன்னொருத்தி ஷாலு. முகத்துவாரத்தை ஒட்டிய குப்பத்தில் இறால் பிடிக்கிற சுப்பராயனின் மகள். குப்பத்திலிருந்து எம்.எஸ்சி. வரைக்கும் போனவள் அவள் ஒருத்திதான். கல்லூரியில் ஆராய்ச்சி உதவியாளர். வேலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை பகலவனின் கையெழுத்தில் உயிர் பெறும்.

சுப்பராயனுக்குப் படகு கிடையாது, வலையும் கிடையாது. இடுப்பளவுத் தண்ணீரில் மண்டி போட்டு, பறி என்கிற பனையோலைக் கூடையின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவித் தடவிப் பிடிப்பார். வாயில் கயிறு இருப்பதால் தண்ணீருக்குள் பேச முடியாது. அதையெல்லாம் சேர்த்துவைத்துக் கரையேறியதும் பேசுவார். சர்க்கரைக்காரர். வலது குதிகாலில் ஆளிச் சிப்பி கிழித்த புண் ஒன்று ஆறாமலே இருந்தது. அது ஆறும்வரை அந்தத் தண்ணீரில் இறங்கக் கூடாது, இறங்கினால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று டாக்டர் ஷாலுவிடம் சொன்னார். ஷாலு வீட்டில் சொன்னாள். சுப்பராயன் கேட்டுக்கொண்டார். பறி ஆணியில் தொங்கியது. அவர் மனைவி சொக்கம்மாள் மற்றவர்களிடம் இறால் வாங்கி, கண்டெய்னர் லாரிகள் ஓடும் எண்ணூர் சாலையோரம் கூடையோடு உட்கார்ந்தாள். குப்பத்தில் இறாலுக்கு எறா என்றுதான் பெயர். எண்ணூர் எறா என்றாலே மண்ணெண்ணெய் வாடை அடிக்கும் என்று சொல்லி, பைக்கை நிறுத்தாமலே முறுக்கிக்கொண்டு போகிறவர்கள்தான் அதிகம்.

நீலாமிர்தத்துக்கு மூலப்பொருள் இறால் ஓடு. அதைக் காயவைத்து, காற்றுப் படாமல் நைட்ரஜன் ஓடுகிற உலையில் கருக்கி, அமிலத்தில் அலசினால், ஓட்டிலிருந்த சுண்ணாம்பு கரைந்து போன இடமெல்லாம் துளையாக நிற்கும். பிறகு அதை அரைத்து அரைத்துக் கண்ணுக்குத் தெரியாத துகளாக்க வேண்டும். காசிமேட்டு ஏலக்கூடத்திலிருந்து மூட்டை மூட்டையாக ஓடு வந்தது. மாதக்கணக்கில் கருக்கினார்கள். கரி வந்தது. ஆனால் சோதனைக்காக நீலச் சாயம் கலந்து வைத்த தண்ணீர், பொடி போட்ட பிறகும் கொஞ்சம் வெட்கப்பட்ட நீலமாகவே நின்றது. பகலவன் அதை அறிக்கையில் 'நம்பிக்கையூட்டும் தொடக்கநிலை முடிவு' என்று எழுதினார்.

ஒரு வாரம் காசிமேட்டு மூட்டை வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்கு உரித்த ஓட்டை ஷாலு வீட்டிலிருந்து ஒரு கவரில் கொண்டுவந்தாள். அதில் செய்த பொடியைப் போட்டதும் நீலத் தண்ணீர் இருந்த இடம் தெரியாமல் வெளுத்துப்போனது. இரண்டு பெண்களும் குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார்கள். ஃபிர்தௌஸ் தலைத்துணிக்கு ஊசி குத்தமாட்டாள், குட்டிக் காந்தம் போட்டிருப்பாள். குனிந்தபோது அது கழன்று பொடித் தட்டில் விழுந்தது. எடுத்துப் பார்த்தால் கம்பளிப்பூச்சி மாதிரி உடம்பெல்லாம் கருப்பு முடி முளைத்திருந்தது.

"இன்னாடி ஷாலு, உங்க வூட்டு எறா ஆணி துன்னுதா?" என்றாள் ஃபிர்தௌஸ்.

கிட்டத்தட்ட அதுதான் விஷயம். பரிசோதித்ததில் ஓட்டுக்குள் இரும்பு இருந்தது. ஆற்றில் படிந்திருந்த நிலக்கரிச் சாம்பலைச் சேற்றோடு தின்று வளர்ந்த இறால் அது. சாம்பலை ஆற்றில் யார் விட்டார்கள் என்பது இன்றுவரை எந்தக் கமிட்டிக்கும் தெரியாது. தானாகவே நடந்து வந்து ஆற்றில் படுத்துக்கொண்ட சாம்பல் என்றுதான் கொள்ள வேண்டும். அதிலிருந்த இரும்பு உலையில் கூடுதலாகத் துளை தோண்டியிருந்தது. காந்தத்துக்கு ஒட்டும் குணத்தையும் கொடுத்திருந்தது. நஞ்சைக் குடித்து முடித்த பொடியைக் காந்தத்தை வைத்தே தண்ணீரிலிருந்து இழுத்துவிடலாம். ஆக, ஆற்றைச் சுத்தம் செய்கிற பொடிக்கு, அந்த ஆற்றின் அழுக்கைத் தின்ற இறால்தான் வேண்டும். ஃபிர்தௌஸ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஷாலுவும் சிரித்தாள்.

இதற்கு வழி இல்லாமல் இல்லை. அலமாரியில் இரும்பு உப்புப் பாட்டில் இருந்தது. காசிமேட்டு ஓட்டில் அதில் ஒரு சிட்டிகை சேர்த்துக் கருக்கினார்கள். பொடி ஏறக்குறைய அதே அளவுக்கு வேலை செய்தது. பகலவனிடம் போய்ச் சொன்னார்கள். அவர் சுவரில் சாய்த்து வைத்திருந்த பேனரைக் காட்டினார். 'ரசாயனம் சேர்க்காதது. முற்றிலும் இயற்கை' என்று ஏற்கெனவே அச்சாகியிருந்தது. "இரும்பை நாம சேர்த்தா அது கெமிஸ்ட்ரிம்மா. இறாலே சேர்த்துக்கிட்டாத்தான் நேச்சர்" என்றார். அறிக்கையில் 'எண்ணூர் இறாலின் இயற்கையான கனிமச் செறிவு' என்று எழுதச் சொன்னார். சாம்பல் என்ற சொல் எங்கும் வரக் கூடாது, கம்பெனிக்காரர்கள் படிப்பார்கள் என்றார். ஷாலு தன் கையாலேயே அந்தச் சொல்லைத் தேடித் தேடி அழித்தாள். அந்த மாதம் அவள் வேலை புதுப்பிக்கப்பட்டது.

அன்று வீட்டில் சுப்பராயன் வேலை எப்படிப் போகிறது என்று கேட்டார். காசிமேட்டு ஓடு சரிப்படவில்லை, நம்ம எறாதான் சரியாக வருகிறது என்றாள். அவர் சாப்பிடுகிற கையை நிறுத்தினார்.

"இன்னாத்துக்கு?"

"நம்ம எறால இரும்பு ஜாஸ்தி, நைனா."

அந்த இரும்பு எங்கிருந்து வந்தது என்பது அவளுடைய அடுத்த வாக்கியமாக இருந்திருக்க வேண்டும். அதற்குள் அவர் கை கழுவாமல் தெருவுக்குப் போய்விட்டார். எத்தனையோ வருடமாக நாற்றம் பிடித்தது என்று பேர் வாங்கிய எறா. அதில் இரும்பு! பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு ஆஸ்பத்திரியில் மாத்திரையாகக் கொடுக்கிற அதே இரும்பு! எதிர்வீட்டுக்காரரிடம் சொன்னார், டீக்கடையில் சொன்னார், சர்ச் வாசலில் நின்றவர்களிடமும் சொன்னார். அதை வைத்து நானோ செய்கிறார்கள் என்றார். நானோ என்றால் அந்தக் குட்டிக் காரா என்று ஒருவர் கேட்டார். "அத்த வுட சின்னது" என்று சுப்பராயன் சொன்னார். அதில் தப்பில்லை.

மறுநாள் சொக்கம்மாளின் கூவல் மாறியது. "இரும்பு எறா! காலேஜுல டெஸ்ட் பண்ண எறா!" பைக்குகள் நின்றன. மூக்கைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் அதே கையால் பையை நீட்டினார்கள். கூடை மத்தியானத்துக்குள் காலியானது. ஷாலு நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று இருந்தாள். நாளைக்கும் அதையே நினைத்தாள். பேராசிரியர் மேடையில் போட்ட முக்கால் மைதானத்தைக் கேலி செய்தவள், தன் வீட்டில் ஒரு வாக்கியத்தை விழுங்கிவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

பிறகு விழா வந்தது. ஆற்றங்கரையிலேயே ஒரு பெரிய தொட்டி கட்டி, ஆற்றுத் தண்ணீரை நிரப்பி, எல்லார் கண் முன்னாலும் சுத்தம் செய்து காட்ட வேண்டும் என்று பகலவன் முடிவு செய்தார். ஒரு கைப்பிடி பொடிக்கு ஒரு மூட்டை ஓடு வேண்டும். தொட்டிக்கு எத்தனை கைப்பிடி என்று ஷாலு கணக்குப் போட்டாள். காசிமேட்டு ஓட்டில் யாருக்கும் தெரியாமல் இரும்பு உப்பைக் கலந்துவிடலாமா என்று ஃபிர்தௌஸ் கேட்டாள். பகலவன் பாட்டிலைத் தன் அறையில் பூட்டி வைத்திருந்தார். இயற்கைக்குப் பூட்டு போட்டால்தான் அது இயற்கையாக இருக்கும் என்பது அவர் அனுபவம்.

வீட்டில் ஷாலு, மற்றவர்களிடம் ஓடு கேட்டு வாங்கித் தரச் சொன்னாள். மூட்டைகள் வந்தன. பசங்கள் பிடிக்கிறார்கள் என்று சுப்பராயன் சொன்னார். எந்தப் பசங்கள்? குப்பத்துப் பையன்கள் பாதிப் பேர் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் ஒப்பந்த வேலைக்குப் போய்விட்டார்கள். மீதிப் பேர் சேற்றில் கை வைத்தால் அரிக்கிறது என்று ஆற்றுப் பக்கமே போவதில்லை. பறி ஆணியில்தான் தொங்கியது. ஆனால் அதன் கயிறு ஈரமாக இருந்தது. சுப்பராயன் சாப்பிட உட்கார்ந்தால் பக்கத்தில் மண்ணெண்ணெய் வாடை வந்தது. ஷாலு அம்மாவிடம் கேட்டாள். சொக்கம்மாள் கூடையைக் கழுவிக்கொண்டே, "உனுக்கு ஓடு வேணுமா, வேணாவா?" என்று திருப்பிக் கேட்டாள்.

ஒருநாள் விடிந்ததும் வாசலில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த அப்பாவின் காலைப் பார்த்தாள். குதிகாலுக்கு மேல் பிளாஸ்டிக் கவர் சுற்றி, சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டியிருந்தார்.

"தண்ணிக்குப் போறியா, நைனா?"

"கவரு கட்டிகினுதான் போறேன். ஒரு சொட்டு உள்ள போவாது." அவர் நிமிரவில்லை. "நம்ம எறாவ வச்சி ஆத்தயே சுத்தம் பண்ணப் போறாங்கோ. நான் கரையில குந்திகினு வேடிக்கை பாக்கவா? ஃபங்சன் முடியட்டும், அப்பால உங்க டாக்டரு இன்னா சொன்னாலும் கேக்குறேன்."

போகாதே என்று ஷாலு சொன்னாள். மூட்டையைத் தூக்கி ஷேர் ஆட்டோவில் வைத்துக்கொண்டுதான் சொன்னாள்.

விழாவில் பந்தலும் நீலம், நாற்காலி உறையும் நீலம். கம்பெனியின் பெரிய அதிகாரி தலைமை விருந்தினர். பகலவன் குப்பியைத் தூக்கினார், மைதானம் வந்தது, கைதட்டல் வந்தது. பிறகு பொடியைத் தொட்டியில் கொட்டிக் கலக்கினார்கள். ஃபிர்தௌஸும் ஷாலுவும் காந்தத் தகட்டை இறக்கி, கருப்பு மொத்தத்தையும் சுருட்டி மேலே எடுத்தார்கள். அடியில் பதித்த டைல்ஸ் தெரிகிற மாதிரித் தண்ணீர் தெளிந்து நின்றது. அதில் பொய் இல்லை. பொடி வேலை செய்தது. சுப்பராயன் முதல் வரிசையிலிருந்து எழுந்து வந்து தொட்டிக்குள் எட்டிப் பார்த்தார். "எம்மாடி, தரை தெரிதே" என்றார். கூட்டத்தில் உண்மையாகப் பேசப்பட்ட ஒரே வாக்கியம் அதுதான். அந்த ஒரு நிமிடம் ஷாலு சந்தோஷமாக இருந்தாள்.

தலைமை விருந்தினர் அந்தத் தண்ணீரைக் குடிக்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் இருந்தது. பொடி நஞ்சை எடுக்கும், உப்பை எடுக்காது. முகத்துவாரத்துத் தண்ணீர் கடலுக்குச் சொந்தக்காரத் தண்ணீர், வாயில் வைக்க முடியாது. பகலவன் அதற்கும் ஏற்பாடு செய்திருந்தார். கேன் தண்ணீர் நிரப்பிய தம்ளர் ஒன்று மேஜைக்கு அடியில் தயாராக இருந்தது. விருந்தினர் ஒரு வாய் குடித்து, ஆற்றின் சுவை அருமை என்றார். சுத்தமான தண்ணீரை வைத்துக்கொள்ள இடம் இல்லாததால், விழா முடிந்ததும் தொட்டியை ஆற்றிலேயே திறந்துவிட்டார்கள்.

கையால் இறால் பிடிப்பவர்களின் பாதுகாப்புக்காகக் கம்பெனி முழங்கால் வரைக்குமான ரப்பர் பூட்ஸ் கொடுத்தது. முதல் ஜோடி சுப்பராயனுக்கு. போட்டுக் காட்டச் சொன்னார்கள். வலது கால் பந்து மாதிரி வீங்கியிருந்ததால் உள்ளே போகவில்லை. பரவாயில்லை என்று சொல்லிப் பூட்ஸைக் கையில் பிடித்தபடி போட்டோ எடுத்தார்கள். போட்டோவில் அவர் பல் தெரியச் சிரிக்கிறார். உடம்பு அப்போதே கொதித்துக்கொண்டிருந்ததை, தோளில் கை போட்டிருந்த விருந்தினர் கவனித்திருக்கலாம். ஒருவேளை அதைப் பெருமிதத்தின் சூடு என்று நினைத்திருப்பார்.

ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புண்ணிலிருந்து கிருமி எலும்புக்கு ஏறிவிட்டது, இரத்தத்திலும் கலக்கத் தொடங்கிவிட்டது என்றார்கள். இன்னும் முன்னால் வந்திருக்கலாமே என்றும் சொன்னார்கள். ஷாலு கையெழுத்துப் போட்டாள். வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

பகலவன் பூங்கொத்தோடு வந்து பார்த்தார். நல்ல மனிதர், கண் கலங்கினார். போகும்போது ஷாலுவைத் தாழ்வாரத்துக்குக் கூப்பிட்டு, பொடியைப் பார்க்க டெல்லியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள், அவசரம் ஒன்றும் இல்லை, வேறு யாரையாவது வைத்து இன்னும் கொஞ்சம் ஓடு கிடைக்குமா என்று கேட்டார். ஷாலு அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டார்.

இரத்தம் குறைந்திருந்ததால் சுப்பராயனுக்கு மாத்திரை கொடுத்தார்கள். அவர் பக்கத்துப் படுக்கைக்காரரிடம் அட்டையைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"பாத்தியாபா, இரும்பு மாத்திர. டாக்டரே எய்திக் குடுக்குறாரு. நாங்க எத்தினி வருசமா ஓசில துன்னுகினு கீறோம். இவதான் கண்டுபுடிச்சா, எம்பொண்ணு."

பக்கத்துப் படுக்கைக்காரர் ஷாலுவுக்கு மரியாதையாகத் தலையாட்டினார். அந்த ஆள் தூங்கும்வரை காத்திருந்து, ஷாலு அப்பாவின் கட்டிலோரம் உட்கார்ந்தாள். சொன்னாள். இரும்பு எறாவுடையது இல்லை, சாம்பலுடையது. அது சத்து இல்லை. கூடவே வேறு நஞ்சும் இருக்கிறது. பொடிக்கு நல்லது, மனிதனுக்கு ஆகாது. அலமாரியில் ஒரு பாட்டில் இருந்தது, நீ தண்ணீரில் இறங்கியிருக்கவே வேண்டாம். எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல, அன்றைக்கே சொல்லியிருந்தால் எவ்வளவு சின்ன வாக்கியம் அது என்று அவளுக்கே தெரிந்தது.

சுப்பராயன் போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கயிற்றைக் கடித்துக்கொண்டிருக்கிற மாதிரி வாய் இறுகியிருந்தது. கடைசியில், "யாருக்கும் சொல்லிக்கினு இருக்காத" என்றார். "உங்கம்மா அத்த சொல்லித்தான் வித்துகினு கீறா. இனிமே அந்த ஒரு கூடதான் நமக்கு."

மாத்திரை அட்டையைத் தலையணைக்கு அடியில் தள்ளிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார்.

ஷாலு வீட்டுக்குக் கிளம்பினாள். நிறுத்தத்தில் பஸ்ஸைவிட்டு இறங்கும்போதே அம்மாவின் குரல் கேட்டது. லாரி இரைச்சலையும் தாண்டி, "இரும்பு எறா, காலேஜுல டெஸ்ட் பண்ண எறா." கூடைக்கு முன்னால் ஒரு பெண் குந்தி, பொறுக்கிப் பொறுக்கித் தட்டில் போட்டுக்கொண்டிருந்தாள். மகளுக்கு இரத்தம் கம்மி என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். இது தின்றால் ஏறுமா என்று கேட்டாள். எத்தினி பேருக்கு ஏறிக் கீது தெரிமா என்று சொக்கம்மாள் சொன்னாள். அவளைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

"வேணாக்கா," என்றாள் ஷாலு. "அது சாம்பல்ல வந்த இரும்பு. ஒடம்புல சேராது. கொயந்தைக்குக் குடுக்காத."

அந்தப் பெண் ஷாலுவின் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்தாள். தட்டைக் கூடைக்குள் கவிழ்த்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

சொக்கம்மாள் அவள் சாலையைக் கடக்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இத்த இன்னிக்கிதான் கண்டுபுடிச்சியா?"

"இல்லம்மா. அப்பவே."

சொக்கம்மாள் கூடையில் ஈ மொய்த்த ஓரத்தில் தண்ணீர் தெளித்தாள்.

"ஒங்க நைனா தண்ணில எறங்கும்போது, இந்த வாயி எங்க பூட்ச்சி?"

கண்டெய்னர் லாரி ஒன்று இருவர் மேலும் புழுதியை இறைத்துவிட்டுப் போனது. சற்று நேரத்தில் சொக்கம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கூவத் தொடங்கினாள். "எறா... எறா..." என்று மட்டும். பைக்குகள் நிற்காமல் போயின.